எலியக்காவின் மணிக்கட்டு

இரண்டாவது ஜோடிக் கையுறையை மாட்டும்போதுதான் எலியக்கா பேச்சைத் தொடங்குவார். அதுவரை வாயைத் திறப்பதில்லை. தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை அங்கி, காலுக்கு உறை, கைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை. எல்லாம் ஏறிய பிறகு, கண் மட்டும் வெளியே தெரிய, உள்கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டே, "என்னடி, எல்லாரும் எழுந்தாச்சா? இல்ல, இன்னிக்கும் நான்தான் எழுப்பணுமா?" என்பார். உள்ளே இருப்பவை ஆராய்ச்சிக்கூடத்துச் சுண்டெலிகள். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் ஓடுகிற பிராணிகள். எழுப்பினால்தான் எழும். அக்காவுக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் கேட்காமல் உள்ளே போனதில்லை.

ஆள் குள்ளம். நடை வேகம். பேச்சு அதைவிட வேகம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று அவரே சொன்னால்தான் தெரியும், அதையும் அடிக்கடி சொல்லுவார். கதவை முழங்கையால் திறந்து திறந்து, வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும் அதே பழக்கமாகிவிட்டது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவர் கணவர், "இவளுக்காக லிஃப்ட்டுல பட்டனெல்லாம் பெருசா வெக்கணும்" என்று அலுத்துக்கொள்வார். கல்யாண நாளுக்கு அவர் ஆசையாக வாங்கிவந்த செண்ட் பாட்டில் அன்றைக்கே எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. "எனக்குப் பிடிக்கும்ங்க, எலிங்களுக்குப் பிடிக்காது" என்று முடித்துவிட்டார். மனுஷன் பாவம், என்ன சொல்வார்? வாசனையில்லாத சோப்புதான் அந்த வீட்டில் இருவருக்கும்.

எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்களைக் கண்டால் அக்காவுக்கு ஆகவே ஆகாது. "உன் சடையைப் புடிச்சுத் தூக்கினா நீ சும்மா இருப்பியா?" என்பார். கையைக் கிண்ணம்போலக் குவித்து கூண்டுக்குள் வைப்பார். அவசரப்படமாட்டார். எலி மோந்து பார்த்து, யோசித்து, தானாக ஏறி உட்காரும். ஊசி போடும்போதுகூட அது அதிகம் துள்ளாது. இதை வித்தை என்று யாராவது புகழ்ந்தால், "வித்தையும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு வேற சோலி இல்ல, அதான்" என்று மூக்கைச் சுருக்கிக்கொள்வார்.

அந்த அறையில் மூன்று அடுக்குகள் உண்டு. ஆராய்ச்சித் தலைவியான மேடம் அவற்றுக்கு எழுத்தும் எண்ணுமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார். அக்கா வைத்த பெயர்கள் வேறு. சினைப்பை இருக்கிற எலிகள் 'குடும்பஸ்திகள்'. அறுவை செய்து சினைப்பையை எடுத்துவிட்ட எலிகள் 'ரிட்டயர்டு'. சினைப்பையும் எடுக்கப்பட்டு, பிறவியிலேயே உடம்பில் டி செல் என்கிற நோய் எதிர்ப்பு செல்களும் இல்லாத எலிகள் 'காவல் இல்லாதவங்க'. மேடம் ஒருமுறை பெரிய கூட்டத்தில் ஆய்வைப் பற்றிப் பேசும்போது வாய் தவறி 'ரிட்டயர்டு' என்று சொல்லிவிட்டு, அரங்கம் விழித்ததைப் பார்த்து அசடு வழிந்தார்.

ஆராய்ச்சி என்னவென்று கேட்டால் அக்காவுக்கு உற்சாகம் பிறந்துவிடும். பக்கத்துக் கட்டடத்தில் பெரிய ரக எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. அக்கா அவரைக் கூப்பிடுவது 'பெருச்சாளி அண்ணன்'. டீ நேரத்தில் அவர்தான் அக்காவின் வாயைக் கிளறிவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

"எலும்பைக் கல்லுன்னு நினைச்சீங்களா? கிடையாது. அது வேலை நடந்துக்கிட்டே இருக்கிற வீடு. ஒரு பக்கம் இடிச்சிக்கிட்டே இருப்பாங்க, இன்னொரு பக்கம் கட்டிக்கிட்டே இருப்பாங்க. ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன். அது மேஸ்திரி. அது நிக்கிறவரைக்கும் ஒருத்தனும் வாலாட்ட மாட்டான். எங்களுக்கு மாசம் வர்றது நின்னுடுச்சுன்னா மேஸ்திரி கிளம்பிடறார். அப்பத்தான் கூத்து. கிருமி வந்தா சண்டை போடறதுக்குன்னு உடம்புல காவலுக்கு இருக்குதே டி செல்லு, அதுங்க கிருமியே இல்லாதப்பவும் சத்தம் போட ஆரம்பிக்குது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இடிக்கிற ஆளுங்க பெருகிடறாங்க. கட்டறவன் எவ்வளவுதான் கட்டுவான், பாவம்?"

"அப்ப காவக்காரனே வீட்டை இடிக்கச் சொல்றானா?"

"அவன் எங்க இடிக்கச் சொன்னான்? அவன் போடற கூச்சல்ல இவன் இடிக்கிறான்."

மேஸ்திரி போன பிறகு, கூச்சல் போட ஆளே இல்லாவிட்டால் எலும்பு தப்புமா? அதைப் பார்க்கத்தான் அந்த மூன்றாவது அடுக்கு. அக்கா சொல்கிற கதை மேடத்தின் காதில் விழுந்தால், "அவ்வளவு சுலபம் இல்லக்கா. அந்த இடிக்கிற செல்லும் டி செல் மாதிரியே ரத்த வம்சத்துல பிறந்ததுதான். அப்புறம் எலியில நடக்கறது மனுஷங்கள்ல எவ்வளவு நடக்குதுன்னு இன்னும் யாருக்கும் முழுசாப் பிடிபடல" என்பார். "அதெல்லாம் நீங்க எழுதுங்க மேடம், எனக்குக் கதைதான் வரும்" என்பார் அக்கா.

மேடத்தைப் பற்றி ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். எலிகளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற அவருக்கு எலி என்றால் பயம். எப்போதோ மாணவியாக இருந்தபோது ஒன்று விரலைக் கடித்துத் தொங்கியதாம். அன்றோடு சரி. நுண்ணோக்கியில் எலியின் எலும்பைச் சலிக்காமல் பார்ப்பார், எலியைப் பார்க்கமாட்டார். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. உடம்பு திடீர் திடீரென்று தீப்பிடித்தாற்போலச் சூடாகி வேர்த்துக் கொட்டுகிற அவஸ்தையும் இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது. அக்காவுக்கு அந்த அங்கிக்குள் அது நரகம். உடை மாற்றும் அறையில் ஒரு மேசை விசிறி உண்டு. அக்கா வெளியே வந்து அதன் முன்னால் நிற்கும்போது, மேடமும் தன் அறையிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நிற்பார்.

"மேடம், அந்தக் காவக்காரங்களை நமக்கும் எடுத்துட்டா என்ன?"

"தாராளமா எடுத்துடலாம். அப்புறம் நீங்களும் நானும் இந்த ரூமுக்குள்ளயே கூண்டு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். வெளிய ஒருத்தர் தும்மினாப் போதும், போய்ச் சேர்ந்துடுவோம்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "வேளாவேளைக்குச் சாப்பாடு வரும். துணி துவைக்க வேணாம். பரவாயில்ல மேடம், பேசிப் பாருங்க."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர்தான், ஒரு நாள் கூண்டு கழுவுகிற இடத்தில் வழுக்கி விழுந்தார். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பொத்தென்று உட்கார்ந்தார், வலது கையைத் தரையில் ஊன்றினார், அவ்வளவுதான். கல்லூரி நாளில் சைக்கிளோடு பள்ளத்தில் உருண்டு எழுந்து வந்த உடம்பு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே எழுந்தவருக்கு, அன்று சாயங்காலம் டம்ளரைத் தூக்க முடியவில்லை.

படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், மணிக்கட்டில் விரிசல் என்றார். எலும்பு நழுவவில்லை, மாவுக்கட்டுப் போட்டு அசைக்காமல் வைத்திருந்தால் சேர்ந்துவிடும் என்றார். கூடவே அடர்த்தியும் பார்க்கச் சொல்லி, அந்த முடிவையும் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாதிரி சும்மா உக்காந்ததுக்கு எலும்பு விடக் கூடாதும்மா. உள்ள ரொம்ப மெலிஞ்சு போயிருக்கு. மாத்திரை எழுதறேன், ஒழுங்காப் போடணும்."

அக்கா ஆடிப்போய்விட்டார். தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிற கதை தன் கைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கணத்தில் அவருக்கு வந்த பயம் வேறு. மாவுக்கட்டோடு எலியறைக்குள் போக முடியாது. அந்த அறைக்குள் போகிற பொருள் ஒவ்வொன்றும் நீராவியில் வெந்தோ மருந்தில் நனைந்தோதான் போகவேண்டும். மாவுக்கட்டை எதில் வேகவைப்பது? கையுறையும் அதன்மேல் ஏறாது. கட்டு பிரிக்கும் முன்னால் ஆராய்ச்சியின் கடைசி நாள் வந்துவிடும்.

கடைசி நாளை அக்கா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு எலிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மயக்க வாயு நிரம்பும் சின்னப் பெட்டிக்குள் விடவேண்டும். அதிலிருந்து அவை எழுந்திருக்காது. அதன் பிறகு ரத்தமும் எலும்பும் மேடத்தின் மேசைக்குப் போகும். எலி மிரண்டுபோனால் ரத்தத்தில் இருக்கும் செல்களின் நிலையே மாறிவிடும், இத்தனை மாத உழைப்பும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும் என்பது மேடத்தின் கவலை. அக்காவின் கவலை அதைவிடப் பழசு. "பிறந்ததுலேருந்து என் கையில ஏறி இறங்கின உசுரு. போறப்ப வேற யாரோ கையா? பயந்துக்கிட்டா போகணும்?"

ஆகவே டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மாவுக்கட்டுக்குப் பதில் கழற்றி மாட்டுகிற பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டார். "குளிக்கிறப்பகூடக் கழட்டக் கூடாது" என்றார் டாக்டர். "சத்தியமாக் கழட்ட மாட்டேன்" என்றார் அக்கா. மறுநாள் காலை முதல் வேலையாக அதைக் கழற்றினார்.

உடை மாற்றும் அறை ஆணியில் தன் துண்டுக்கு அடியில் அதைத் தொங்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கையுறையை இழுத்து ஏற்றுவார். கூண்டை இடது கையால் இழுத்து, வயிற்றில் முட்டுக் கொடுத்து இறக்குவார். எலியை மட்டும் வலது கையில்தான் எடுப்பார், அவற்றுக்கு அந்தக் கைதான் பழக்கம். வேலை முடிந்ததும் பட்டையை மாட்டிக்கொண்டு சாதுபோல வெளியே வருவார். கணவர்தான் ஒரு நாள், "இவ்வளவு நாள் ஆச்சு, கட்டு என்ன கடையில இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு?" என்றார். "நான் சுத்தக்காரி" என்றார் அக்கா. சுத்தக்காரிதான், ஒத்துக்கொள்கிறோம்.

குட்டு வெளிப்பட்டது விசிறியால். ஒரு பகலில் உடம்பு சூடேறி மேடம் ஓடிவந்தார். விசிறிக் காற்றில் அக்காவின் துண்டு விலகியது. அடியில் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் அதையே பார்த்தார். பிறகு வராந்தாவில் இருக்கும் கண்ணாடி ஜன்னலுக்குப் போய் எலியறைக்குள் பார்த்தார். உள்ளே அக்கா ஒரு கூண்டை மேலடுக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றிவிட்டு, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, சுவரில் நெற்றியை வைத்துச் சற்று நேரம் நின்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார் மேடம். கையும் களவுமாக அகப்பட்டவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அக்காவும் செய்தார், சிரித்தார்.

"சிரிக்காதீங்க. டாக்டர்கிட்ட கிளம்புங்க, நானும் வரேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தான மேடம். கடைசி நாள் முடியட்டும். அப்புறம் கட்டுப் போட்டுக்கறேன், ஆயுசுக்கும் போட்டுக்கறேன்."

டாக்டர் இந்த முறை படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். எலும்பு நழுவியிருந்தது. மறுபடி இழுத்து நேராக்கி, முழங்கை வரை மாவுக்கட்டுப் போடவேண்டும். இப்போதும் தள்ளிப்போட்டால் கோணலாகச் சேர்ந்துவிடும். அதன் பிறகு சாவியைத் திருப்பக்கூட அந்தக் கை உதவாது. எலியைப் பிடிக்கிற பேச்சே இல்லை.

"ரெண்டு வாரம் மட்டும்..." என்று அக்கா ஆரம்பித்தார்.

மேடம் பொதுவாகக் குரலை உயர்த்துகிறவர் அல்லர். அன்றைக்கு உயர்த்தினார். "எதுக்குக்கா இந்த எலிங்களையெல்லாம் கொல்றோம்? சொல்லுங்க! எனக்குப் பட்டம் வேணும்னா? இந்த மணிக்கட்டுக்குத்தான் கொல்றோம். இது ஒடையக் கூடாதுன்னுதான். நீங்க இதை ஒடச்சுக்கிட்டு அதுங்களை நல்லபடியா அனுப்பி வெக்கறேன்னு சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப யார் எடுப்பாங்க? பெருச்சாளி அண்ணனா? அவர் மேல பெரிய எலி வாசனை வந்தாலே இதுங்க செத்துடும். அவரை அந்த ரூமுக்குள்ள விடவும் மாட்டாங்க. வேற யார் இருக்கா?"

மேடம் சொன்னார்: "நான் எடுக்கறேன்."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா?"

"ஏன், எனக்கு என்ன கையில்லையா?"

"கை இருக்கு மேடம். தைரியம்?"

"அதைப் பத்தி உங்களுக்கென்ன? நீங்க கையை நீட்டுங்க."

அக்கா கையை நீட்டினார். எலும்பை இழுத்து நேராக்கும்போது அவர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

அடுத்த நாளிலிருந்து அக்கா ஜன்னலுக்கு வெளியே, மேடம் உள்ளே. முதல் நாள் மேடம் கூண்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, எலி மீசையால் தொட்டதும் விருட்டென்று இழுத்துக்கொண்டார். அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டார், இடது கையால். எலியறைக்கும் வராந்தாவுக்கும் பேசிக்கொள்ள ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. அதில் அக்காவின் குரல் ஓயவில்லை. "கையை எடுக்காதீங்க. மோந்து பாக்கட்டும். உங்க கையில என்ன தங்கமா இருக்கு, புடுங்கிக்கிட்டுப் போக? அது உங்களைவிடப் பயந்து கிடக்கு மேடம்." மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு 'குடும்பஸ்தி' போனால் போகிறதென்று மேடத்தின் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. மேடம் மூச்சுக்கூட விடாமல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வோர் எலியை எடுத்ததும் மேடத்தின் கண் ஜன்னலுக்குப் போகும். அக்கா தலையாட்டினால்தான் அடுத்த வேலை.

அக்காவுக்கு அந்த நாட்கள் கொஞ்சநஞ்ச வேதனை இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கையைவிட மனசு வலித்தது. "அதுங்க என்னைத் தேடுமாங்க?" என்று கணவரிடம் கேட்பார். "தேடும் தேடும்" என்பார் அவர், மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டிக்கொண்டே. "எங்க, பாவம், அதுங்களுக்குக் கூண்டுல தீனி வந்தாப் போதும்" என்று அக்காவே பதில் சொல்லிக்கொள்வார். மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினார்.

கடைசி நாள் வந்தது. அக்கா சீக்கிரமே வந்து ஜன்னலில் நின்றுவிட்டார். மாவுக்கட்டுக் கை கழுத்துப் பட்டியில் தொங்கியது. ஒலிபெருக்கியை அணைத்து வைத்திருந்தார்கள், சத்தம் எலிகளைக் கலைக்கக் கூடாது என்று. உள்ளே மேடம் முதல் கூண்டைத் திறந்து, கையைக் குவித்து வைத்தார். எலி ஏறியது. ஏறியதும் மேடம் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார். மேடம் திரும்பினார், எலியைப் பெட்டிக்குள் விட்டார்.

இரண்டாவது எலி. மறுபடியும் ஜன்னல். மூன்றாவதிலும் அப்படியே. அப்படி நிமிரும் ஒவ்வொரு தடவையும் மேடத்தின் கை அந்தரத்தில் நிற்பதையும், அப்படி நிற்கும்போதெல்லாம் உள்ளங்கையில் எலி உடம்பைக் குறுக்கிக்கொள்வதையும் அக்கா பார்த்தார். வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. நான்காவது எலி காதை மடக்கிக்கொண்டு விரல் இடுக்கு வழியாக இறங்கப் பார்த்தது. மேடத்தின் கண் ஜன்னலுக்குப் பாய்ந்தது.

அக்கா தலையாட்டவில்லை. தான் அங்கே நிற்பதுதான் சங்கடம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போய்விடலாம் என்றால் கால் வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியாது.

ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் இடது கையால் தடவிப் பார்த்து, வராந்தா விளக்கை அணைத்தார்.

உள்ளே இருந்து பார்க்கிறவருக்கு இப்போது கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். மேடம் ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்து, மறு கையையும் எலியின் மேல் குவித்து மூடி, அது அடங்கும்வரை அசையாமல் நின்றார். இருட்டில் நின்றபடி எலியக்கா தலையாட்டினார்.